நோயாளிகள் குறைந்துவிட்ட பிறகு ஒரு புதிய மருந்து எதற்கு?
தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரும் மாநிலங்களவைக்கு 18 பேரும் சென்றிருக்கிறீர்கள். தொகுதி மக்கள் எவரும் உங்களிடம் மனுவோடு வந்து முறையிட்டிருக்க வாய்ப்பில்லாத ஒரு நோயைப் பற்றியது இந்த மடல். காலா அசார் என்ற பெயரைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வோடு மறந்திருப்பீர்கள். பீகாரின் வட மாவட்டங்களிலும், ஜார்க்கண்டின் சந்தால் பர்கனாவிலும், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் சில பகுதிகளிலும், முசாகர் போன்ற நிலமற்ற சமூகத்தாரை நூறாண்டுக்கும் மேலாக வாட்டிவரும் ஒட்டுண்ணி நோய் அது. அந்த நோய்க்கென்றே ஒரு புதிய மருந்தை, வாயால் விழுங்கும் மாத்திரையாக உருவாக்கும் ஆராய்ச்சிக்கு, இந்திய அரசு நேரடியாகவும் தொடர்ச்சியாகவும் பணம் ஒதுக்க வேண்டும் என்று நீங்கள் அவையில் கேட்க வேண்டும். 1992இல் 77 ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் கண்டறியப்பட்ட நோய் இன்று ஆண்டுக்குச் சில நூறு பேர் என்று சுருங்கிவிட்ட நேரத்தில் இப்படிக் கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிக்கை சுருங்கியிருப்பதனாலேயே இதை இப்போது கேட்க வேண்டியிருக்கிறது என்பது என் வாதம்.

நோயைப் பரப்புவது மணல் ஈ. கொசுவைவிடச் சிறிய பூச்சி. மண்சுவர் வெடிப்புகளிலும் மாட்டுக் கொட்டிலின் ஈரத்திலும் குடியிருக்கும். அது கடிக்கும்போது உடலுக்குள் செலுத்தும் ஒட்டுண்ணி லீஷ்மேனியா டோனவனி. நுழையும் கிருமியை விழுங்கி அழிப்பதற்கென்றே நம் உடலில் இருக்கும் வெள்ளணுக்களை இந்த ஒட்டுண்ணி தன் வீடாக்கிக்கொள்கிறது. அமிலம் சுரந்து கிருமியைக் கரைக்க வேண்டிய பைக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது. வாரக்கணக்கில் காய்ச்சல், வயிறு புடைக்கும் அளவுக்கு மண்ணீரல் வீக்கம், இரத்தசோகை, உருக்குலைந்த உடம்பு. மருத்துவம் கிடைக்காவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துபோவார்கள். ஒட்டுண்ணியின் பெயரில் இருக்கும் டோனவன், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன். 1903ஆம் ஆண்டு ஒரு சென்னை நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் அவர் இதைக் கண்டார். டம்டம் பாசறையில் நோயுற்ற ஒரு படைவீரரின் உடலில் தாம் கண்டதை அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து ஒட்டுண்ணிக்குச் சூட்டியவர் ரொனால்ட் ராஸ். அன்று சென்னை ஜார்ஜ் டவுனிலும் காலா அசார் இருந்தது. வடநாட்டு நோய் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள நமக்கு வரலாறும் இடம் தரவில்லை.

இந்த நோய்க்கு மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அந்த மருந்துகளின் கதையைப் பார்த்தால்தான் என் கோரிக்கை விளங்கும். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியின் வசதியற்ற சிற்றறையொன்றில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமின் என்ற ஆன்டிமனிச் சேர்மத்தை உருவாக்கினார். இந்த நோயை மனத்தில் வைத்து இந்த மண்ணில் செய்யப்பட்ட மருந்து அது. இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. பின்னர் வந்த சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட்டும் ஆன்டிமனிக் குடும்பமே. ஒரு மாதம் நாள்தோறும் ஊசி. இதயத்துக்கும் கணையத்துக்கும் ஆபத்து. அதையும் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் அரைகுறை அளவிலும் இடைவெளி விட்டும் போடப்பட்ட அந்த ஊசிக்கு ஒட்டுண்ணி பழகிவிட்டது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், முழு அளவு ஊசி போட்டும் பீகார் நோயாளிகளில் 35 விழுக்காட்டினரே குணமடைந்திருந்தனர். பக்கத்து உத்தரப் பிரதேசத்தில் அதே ஊசி 86 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியது. பீகாரின் நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஆர்செனிக்தான் ஒட்டுண்ணியை ஆன்டிமனிக்குப் பழக்கியது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. காரணம் எதுவாயினும், எழுபது ஆண்டுகள் நம்பியிருந்த மருந்து ஒரு தலைமுறைக்குள் கைவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு நாம் பிழைத்ததெல்லாம் இரவலில். ஆம்போடெரிசின் பூஞ்சைத் தொற்றுக்காக 1950களில் கண்டெடுக்கப்பட்டது. 2002இல் இந்தியாவில் பதிவான மில்ட்டெஃபோசின் ஜெர்மனியில் புற்றுநோய்க்காக உருவானது. 2006இல் அனுமதி பெற்ற பரோமோமைசின் பாக்டீரியாவைக் கொல்லும் பழைய ஆன்டிபயாடிக். பிற நோய்களுக்காகச் செய்யப்பட்டவை தற்செயலாக இந்த ஒட்டுண்ணியையும் கொன்றன. அதைக் கண்டறிந்து நிரூபித்த பாட்னா, வாரணாசி, முசாபர்பூர் மருத்துவர்களின் உழைப்பு பெரிது. என்றாலும் தற்செயலை நம்பி ஒரு நாட்டின் நோய்த் திட்டம் நடக்கக் கூடாது.

இரவலாக வந்தவற்றுள் மிகச் சிறந்தது, கொழுப்புத் துகளுக்குள் பொதிந்த ஆம்போடெரிசின். கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை சிரை வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றினால் போதும். 2010இல் வெளியான இந்திய ஆய்வில் 95.7 விழுக்காட்டினர் குணமடைந்தனர். நோய் ஒழிப்புத் திட்டத்தின் இன்றைய வெற்றிக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. இதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆனால் 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் பத்து வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பேசிக் குறைத்த விலையே குப்பிக்கு ஏறத்தாழ 18 டாலராக இருந்தது. கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பம் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் 2011 முதல் உலக சுகாதார நிறுவனம் வழியாக நன்கொடையாகத் தரும் குப்பிகளில்தான் நம் திட்டம் ஓடுகிறது. நன்கொடை நல்ல காரியம். அதன் நிபந்தனைகளும் கால எல்லையும் மட்டும் கொடுப்பவர் கையில். 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா இரண்டாம் அலைக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை பரவியபோது இதே ஆம்போடெரிசினுக்காகத் தமிழ்நாட்டிலும் குடும்பங்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தன; புதிய உற்பத்தியாளர்களுக்கு ஒன்றிய அரசு அவசர அவசரமாக உரிமம் வழங்க நேர்ந்தது. உலகின் மருந்தகம் என்று பெருமை பேசும் நாட்டில் ஒரு பழைய மருந்துக்கே அந்தப் பாடு. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தைக் கலைத்தபோது, அதை நம்பியிருந்த புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்த் திட்டங்கள் பல நாடுகளில் அப்படியே நின்றன. அயலார் தரும் மருந்தும் பணமும் ஒரே இரவில் நிற்கக்கூடும் என்பதற்கு இனியும் சான்று வேண்டியதில்லை.

இப்போது முதல் மறுப்புக்கு வருகிறேன். 633 வட்டாரங்களிலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2023இல் எட்டிவிட்டது. வங்கதேசம் அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்புச் சான்றிதழையே பெற்றுவிட்டது. அணையப்போகும் நெருப்புக்கு எதற்குப் புதிய தண்ணீர்த் தொட்டி என்று நிதித் துறை கேட்கும். பதில் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1950களில் மலேரியாவுக்காக வீடுவீடாக டி.டி.டி. தெளித்தபோது மணல் ஈயும் மடிந்தது, காலா அசாரும் ஏறக்குறைய மறைந்தது. ஒழிந்தது என்று கணக்கை மூடினார்கள். தெளிப்பு நின்றது; 1970களில் முசாபர்பூர், வைசாலி, சமஸ்திபூர், சீதாமடி மாவட்டங்களில் நோய் கொள்ளைநோயாகத் திரும்பியது. அங்கிருந்துதான் 1992இன் 77 ஆயிரத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆப்பிரிக்கத் தூக்கநோயும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1960களில் கிட்டத்தட்ட ஒழிந்த அந்த நோய், கண்காணிப்புத் தளர்ந்ததும் மீண்டு, 1998இல் பதிவானவர்கள் மட்டுமே 40 ஆயிரத்தை நெருங்கினர். இந்த நோய்கள் பின்வாங்கும் ஆண்டுகளில், எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகள் பிறந்து வளர்கிறார்கள். மருத்துவர்கள் நோயை அடையாளம் காணும் பழக்கத்தை இழக்கிறார்கள். நிதி வேறு பக்கம் திரும்புகிறது. அடுத்த எழுச்சிக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாமல் சேர்ந்துவிடுகிறது.

அடுத்த எழுச்சிக்கான விதை எங்கே இருக்கும் என்பதையும் இன்று நாம் அறிவோம். காலா அசாரிலிருந்து குணமான இந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, தோலில் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றுகின்றன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வேலைக்குப் போகத் தடையில்லை. தொழுநோய் என்று ஊரார் எண்ணிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் மறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் திட்டுகளில் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கிறது. இத்தகைய நோயாளிகளை ஆய்வகத்தில் வளர்த்த மணல் ஈக்களைக் கொண்டு கடிக்கவைத்துப் பார்த்த வங்கதேச, இந்திய ஆய்வுகள், கணிசமானோரிடமிருந்து ஈக்கள் ஒட்டுண்ணியைப் பெற்றுக்கொள்வதைக் காட்டின. இந்தியாவில் இந்த நோய் விலங்குகளிடமிருந்து வருவதாகத் தெரியவில்லை. மனிதரிடமிருந்தே மனிதருக்கு ஈ கடத்துகிறது. அப்படியானால் ஊரில் எஞ்சியிருக்கும் இந்தச் சிலர்தான் ஒட்டுண்ணிக்குக் கடைசிப் புகலிடம். இவர்களுக்கு நாம் தரும் மருத்துவம் என்ன? பன்னிரண்டு வாரம் மில்ட்டெஃபோசின் மாத்திரை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்; கண்ணைப் பாதித்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன; கருவைச் சிதைக்கும் மருந்து என்பதால் உண்ணும் காலத்திலும் அதன் பிறகு ஐந்து மாதங்களும் பெண்கள் கருத்தடையைக் கைக்கொள்ள வேண்டும். வலியே இல்லாத ஒரு திட்டுக்காக இவ்வளவையும் மூன்று மாதம் யார் தாங்குவார்? காலா அசாருக்கே அந்த மாத்திரையின் பலன் தேய்ந்துகொண்டிருக்கிறது. 2002இல் 94 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியது. பத்தாண்டு கழித்து 90. நேபாளத்தில் நடந்த ஓர் ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பிவிட்டது. எச்.ஐ.வி.யும் சேர்ந்துகொண்டவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு மூன்று மடங்கு ஆம்போடெரிசினும் இரண்டு வார மில்ட்டெஃபோசினும் சேர்த்துக் கொடுத்தும் மறுதாக்குதல் அச்சம் நீங்குவதில்லை. ஒழிப்பின் கடைசிக் கட்டத்துக்கு வேண்டியது, கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் குளிர்சாதனமும் சொட்டுக் கம்பமும் இல்லாமல் கொடுக்கக்கூடிய, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தோல் நோயாளிக்கும் பொருந்தக்கூடிய, சில நாள் மாத்திரை. அது இன்று நம்மிடம் இல்லை.

தூக்கநோயை இன்னொரு முறை இழுப்பதற்குக் காரணம் உண்டு; இப்படிப்பட்ட கடைசிக் கட்டத்தை அங்கே அவர்கள் வேறு விதமாகக் கையாண்டார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே காங்கோவில் ஃபெக்ஸினிடசோல் என்ற பத்து நாள் மாத்திரையின் பெரும் சோதனை நடந்தது. 2018இல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஒப்புதல் கிடைத்தது. 1980களில் ஒரு பெருநிறுவனம் பாதியில் கைவிட்டு அலமாரியில் போட்ட சேர்மம் அது. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கும் குறைவாக நோய் இறங்கிய பின்னும் அவர்கள் நிறுத்தவில்லை. ஒரே வேளையில் மூன்று மாத்திரையோடு முடிந்துவிடும் அகோசிபொரோல், முற்றிய நிலை நோயாளிகளிலும் 95 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியது. அதற்கு முன்பு முற்றிய தூக்கநோய்க்குக் கொடுத்துவந்த மெலார்சோப்ரோல் என்ற ஆர்செனிக் மருந்து, போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவரைத் தானே கொன்றது. இரண்டு புதிய மருந்துகளையும் முன்னின்று உருவாக்கியது டி.என்.டி.ஐ. என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. 2003இல் அதைத் தொடங்கிய நிறுவனங்களுள் நம்முடைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்று என்பதை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மருந்தைச் சோதிக்க நோயாளிகள் வேண்டும். காலா அசார் சோதனை எளிதானதும் அல்ல. மருந்து கொடுத்து முடித்து ஆறு மாதம் காத்திருந்து நோய் திரும்பவில்லை என்று கண்ட பின்பே குணம் என்று எழுத முடியும். மண்ணீரலிலோ எலும்பு மஜ்ஜையிலோ ஊசி குத்தி மாதிரி எடுத்துப் பார்க்கவும் வேண்டியிருக்கும். ஆண்டுக்குச் சில நூறு நோயாளிகள், அவர்களும் நான்கு மாநிலங்களில் சிதறி. சோதனைக்கு உரியவர்கள், இசைவு தருபவர்கள் என்று வடிகட்டினால் எஞ்சுவது மிகக் குறைவு. ஐந்தாண்டு தாமதித்தால் இந்தியாவில் சோதனை நடத்தவே முடியாமல் போகலாம். பிறகு நோய் எழும்போதுதான் மருந்து தேட முடியும். எழுச்சியின் நடுவே தொடங்கி ஒரு மருந்தை முடிக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். அந்த இடைவெளியில் இறப்பவர்களுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

சந்தை இதைப் பார்த்துக்கொள்ளாதா என்பது இரண்டாம் மறுப்பு. பார்த்துக்கொள்ளவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1975 முதல் 1999 வரை உலகில் விற்பனைக்கு வந்த 1,393 புதிய மருந்துகளில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து 16. அடுத்து 2000 முதல் 2011 வரை வந்த 336 புதிய மூலக்கூறுகளில் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு நான்கு. லீஷ்மேனியாவுக்கு ஒன்றும் இல்லை. இதைச் சரிசெய்ய அமெரிக்கா 2007இல் ஓர் ஊக்கத் திட்டம் கொண்டுவந்தது. புறக்கணிக்கப்பட்ட நோய்க்கு மருந்து பதிவு செய்யும் நிறுவனத்துக்கு, வேறொரு மருந்தை விரைந்து பரிசீலிக்கக் கோரும் சீட்டு ஒன்று பரிசு. அதை விற்கவும் செய்யலாம். 2014 மார்ச்சில் கனடாவின் நைட் நிறுவனம் அந்தச் சீட்டைப் பெற்றது. எதற்காகத் தெரியுமா? இந்தியாவில் அப்போதே பன்னிரண்டு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த மில்ட்டெஃபோசினை அமெரிக்காவில் பதிவு செய்ததற்காக. பீகார் நோயாளிகள் மீது, பொதுப்பணத்தின் துணையோடு நடந்த சோதனைகளே அந்தப் பதிவுக்கு அடிப்படை. அதே ஆண்டு நவம்பரில் சீட்டு 12.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியது, ஆம்போடெரிசினை நன்கொடை தரும் அதே கிலியட். சட்டப்படி இதில் எந்தக் குற்றமும் இல்லை. ஊக்கப் பணம் புதிய மருந்தைத் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான். பொதுப்பணம் நேரடியாக ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அறிவியல் பக்கத்தில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. நோவார்ட்டிஸின் ஆய்வகம் ஏறத்தாழ 30 இலட்சம் சேர்மங்களைச் சல்லடை போட்டு, ஒட்டுண்ணிக்குள் பழுதான புரதங்களைச் சிதைத்து அகற்றும் புரோட்டியசோம் என்ற அமைப்பை மட்டும் முடக்கி மனித உயிரணுவை விட்டுவிடும் ஒரு மூலக்கூறைக் கண்டதாக 2016இல் அறிவித்தது. அதன் வழித்தோன்றலான எல்.எக்ஸ்.இ.408 இப்போது டி.என்.டி.ஐ.யோடு இணைந்து இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் இரண்டாம் கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது. வாயால் விழுங்கும் மருந்து. அதுதான் வந்துவிட்டதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. தூக்கநோயில் வென்ற ஃபெக்ஸினிடசோலை சூடானில் காலா அசாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் பலன் தெரிந்தது, பிறகு நோய் திரும்பியது, சோதனை நின்றது. கண்ணாடிக் குடுவையில் ஒட்டுண்ணியைக் கொல்லும் சேர்மங்கள் ஏராளம். வெள்ளணுவின் சுவர், அதற்குள் அமிலப் பையின் சுவர், அதற்குள் ஒட்டுண்ணியின் சுவர் என மூன்றையும் தாண்டி, அமிலத்தில் கெடாமல் வேலை செய்பவை மிகச் சில. தனியாகக் கொடுத்த ஒவ்வொரு மருந்துக்கும் இந்த ஒட்டுண்ணி பழகக்கூடியது என்பதை ஆன்டிமனி காட்டியிருக்கிறது. ஆகவே ஒன்றோடொன்று சேர்த்துக் கொடுக்க வெவ்வேறு வழியில் தாக்கும் இரண்டு மூன்று மருந்துகளாவது வேண்டும். ஒரு மூலக்கூறு, அதுவும் வெளிநாட்டு நிறுவனத்தின் காப்புரிமையில் இருப்பது, நம் கையிருப்பு ஆகிவிடாது.

இந்தியாவால் இதெல்லாம் முடியுமா என்று ஐயுறுபவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆர்டெரொலேன் என்ற மலேரியா மூலக்கூறிலிருந்து 2007இல் பன்னாட்டுக் கூட்டாளி விலகிக்கொண்டது. ரான்பாக்சி தனியாகத் தொடர்ந்து, 2012இல் அதை சின்ரியம் என்ற மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்திய நிறுவனம் ஒன்று உருவாக்கிய முதல் புதிய மருந்து என்று அன்று கொண்டாடப்பட்டது. அதுவும் ஓர் ஒட்டுண்ணி நோய்க்கு! பரோமோமைசின் ஊசியைச் செய்து கொடுத்ததும் ஐதராபாத் நிறுவனம்தான். லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், பாட்னாவில் ராஜேந்திர நினைவு ஆய்வு நிறுவனம் என்று ஆய்வுக் கட்டமைப்பும் இருக்கிறது. செலவைப் பொறுத்தவரை, ஒரு புதிய மூலக்கூறை, இடையில் தோற்றவற்றின் செலவும் சேர்த்து, 6 கோடி முதல் 19 கோடி யூரோவுக்குள் மருந்தாக்க முடியும் என்கிறது டி.என்.டி.ஐ.யின் சொந்தக் கணக்கு. ரூபாயில் ஏறத்தாழ 600 கோடியிலிருந்து 1,900 கோடி, அதுவும் பல ஆண்டுகளில் பரவி. 2023இல் ஒன்றிய அரசு மருந்து ஆராய்ச்சிக்காக அறிவித்த ஊக்கத் திட்டத்தின் அளவே 5,000 கோடி. பணம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. எந்த நோய்க்கு என்ற தேர்வுதான் இருக்கிறது.

அந்தத் தேர்வில்தான் வலுவான மறுப்பு வருகிறது. காசநோயால் இந்தியாவில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் இறக்கிறார்கள். சில நூறு பேரின் நோய்க்கு ஏன் இந்தப் பணம்? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. காசநோய்க்கும் வேண்டும், இதற்கும் வேண்டும் என்று சொல்லி நழுவினால் அது பதிலாகாது. என் பதில் இது: காலா அசாரில் ஒரு நல்ல மாத்திரை, இலக்கை எட்டிய நிலையை நிலைநிறுத்தி, பின்னர் பத்தாண்டுகள் கொள்ளைநோயோடு மல்லுக்கட்டும் செலவைத் தவிர்க்கும். காசநோயில் ஒரு புதிய மருந்து நெடும்பயணத்தின் ஒரு கட்டம். இங்கே முடிவு கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. மேலும், இன்று உலகில் இந்த நோயின் பெரும்பங்கைச் சுமப்பது கிழக்கு ஆப்பிரிக்கா. எத்தியோப்பியா, கென்யா, சூடான், தென்சூடான் நோயாளிகளுக்கு நம் ஒரே வேளை ஆம்போடெரிசின் அதே அளவு பலன் தருவதில்லை. அங்கே இன்னும் ஆன்டிமனியும் பரோமோமைசினும் சேர்த்துப் பதினேழு நாள், நாளுக்கு இரண்டு ஊசி போடுகிறார்கள், பிள்ளைகளுக்கும் அதுதான். இந்தியாவில் உருவாகும் மாத்திரை அவர்களுக்கும் போகும். 2001இல் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்து ஆப்பிரிக்காவின் நன்றியைச் சம்பாதித்த நாடு இது.

மணல் ஈயை ஒழித்து, மண்வீடுகளைக் கல்வீடுகளாக்கினால் மருந்தே தேவைப்படாது என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதிச் சண்டைதான். வீடு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் டி.டி.டி.க்கு ஈ பழகிவிட்டதால் வேறு பூச்சிக்கொல்லிக்கு மாற நேர்ந்ததையும், முசாகர் குடியிருப்புகளின் கடைசி வீடு கல்வீடாக எத்தனை ஐந்தாண்டுகள் ஆகும் என்பதையும் உங்களைவிட யார் அறிவார்?

எங்கள் தொகுதியில் இல்லாத நோய் என்ற தயக்கம் மிச்சம். திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டடப் பணிகளிலும் உழைப்பவர்களில் பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும்; இரண்டு வாரம் காய்ச்சலோடு அவர்களில் ஒருவர் வந்தால் நம் மருத்துவர் மலேரியாவையும் டைபாய்டையும் தேடுவார், இதை நினைக்க மாட்டார். கேரளத்தில் அகத்தியமலைக் காணிக்காரர் குடியிருப்புகளில் இதே ஒட்டுண்ணி தோல் நோயாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் நாம். இலங்கையில் லீஷ்மேனியா டோனவனி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்குத் தோல் புண்ணாக வருகிறது. புண்ணுக்குள்ளேயே ஆன்டிமனி ஊசியை வாரம் தவறாமல் குத்துவது அங்கே வழக்கமான மருத்துவம். இவையெல்லாம் இல்லாவிட்டாலும்கூட என் கோரிக்கையில் மாற்றமில்லை. சந்தையில் குரல் இல்லாத நோயாளிக்கு அவையிலும் குரல் இல்லை என்பதாலேயே இந்த நோய் புறக்கணிக்கப்பட்ட நோய் ஆனது. பொதுச் சுகாதாரத்தைப் பற்றி நாட்டுக்கே சொல்லிக்கொடுக்கும் தகுதி தமிழ்நாட்டுக்கு உண்டு என்று நீங்கள் மேடைதோறும் பேசுகிறீர்கள். அந்தத் தகுதியை இங்கே பயன்படுத்தலாம்.

அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது சுகாதாரத் துறையிடமும் மருந்துத் துறையிடமும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இதைக் கேளுங்கள். 5,000 கோடித் திட்டத்தில் லீஷ்மேனியா உள்ளிட்ட புறக்கணிக்கப்பட்ட ஒட்டுண்ணி நோய்களுக்கென்று எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது? ஆம்போடெரிசின் நன்கொடை நாளை நின்றால் எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு உண்டு? இந்திய நோயாளிகள் மீது சோதிக்கப்படும் புதிய மருந்துகளை இந்தியாவில் அடக்க விலைக்கு உற்பத்தி செய்யும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? தோல் நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து அவர்களைப் புதிய மாத்திரைகளின் சோதனையில் சேர்க்கும் திட்டம் உண்டா? அவையிலேயே வாய்மொழியாகப் பதில் வரும். பதில் மழுப்பலாக இருந்தால் துணைக்கேள்வி கேளுங்கள். கட்சி வேறுபாடு பாராமல் கேளுங்கள். பீகார் உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.